நீளக் கை எதற்கு? லாங் ஆர்ம் சஸ்பென்ஷன், முதலிலிருந்து

வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டியவர்கள் பலரும் கொஞ்ச நாளில் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "முன்பெல்லாம் சின்னப் பள்ளம் வந்தால் தெரியவே தெரியாது. இப்போது ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் வந்து இடிக்கிறது. ஏன்?" ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். பிறகு ஷாக் அப்சார்பரை மாற்றுவார்கள். இடி குறையாது. ஏனென்றால் பெரும்பாலும் கோளாறு அந்த இரண்டிலும் இல்லை. ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் என்ற கை நிற்கும் சாய்வில்தான் இருக்கிறது.

லாங் ஆர்ம், அதாவது இந்தக் கையின் நீளமான வடிவம், வண்டியை உயரமாக்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உயரத்தைத் தருவது ஸ்பிரிங். அந்த உயரத்தில் ஆக்ஸில் எந்தப் பாதையில் ஏறி இறங்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் ஆர்மின் வேலை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இங்கே பேசுவது இடது வலது சக்கரங்களை ஆக்ஸில் என்ற ஒரே கனத்த குழாய் இணைக்கும் வண்டிகளைப் பற்றி மட்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும் வண்டிகளின் கணக்கு வேறு.

ஆர்ம் ஏன் வந்தது?

கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டியில் பட்டைக்கு இரண்டு வேலை. எடையைத் தாங்குவதும் அதுதான். ஆக்ஸில் முன்னே பின்னே ஓடாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த இரண்டாவது வேலை தெரியாது. மேலிருந்து அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் வளைந்து கொடுத்துவிடும். ஆகவே ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளத் தனியாகக் கைகள் தேவைப்பட்டன. ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்ஸிலில், இரண்டு முனையிலும் ஆடக்கூடிய ரப்பர் புஷ். அதுதான் கன்ட்ரோல் ஆர்ம்.

ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே (1984–2001) வண்டியில் இரண்டு ஏற்பாட்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் நான்கு குட்டை ஆர்ம்களும், பின்னால் கமான் பட்டை. 1997-இல் வந்த ரேங்லர் டிஜே நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங் பெற்ற முதல் ரேங்லர். இந்த இரண்டு வண்டிகளிலும் முன்பக்கக் கீழ் ஆர்ம் சுமார் 16 அங்குலம், அதாவது 40 செ.மீ. தொழிற்சாலை உயரத்தில் இவை கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்திருக்கும். அந்த உயரத்துக்கு அந்த நீளம் போதும். குறை ஒன்றும் இல்லை. உயரத்தை மாற்றும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஆணி, கயிறு, சாக்பீஸ்

சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். அதில் 40 செ.மீ. கயிறு கட்டி, மறு முனையில் சாக்பீஸைக் கட்டுங்கள். ஆணிதான் சேஸிஸ். சாக்பீஸ்தான் ஆக்ஸில். கயிற்றை விறைப்பாக, ஏறக்குறைய மட்டமாகப் பிடித்துக்கொண்டு சாக்பீஸை மேலும் கீழும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். கோடு நேராக ஏறி இறங்குவதுபோலவே தெரியும். இப்போது சாக்பீஸைக் கீழே இறக்கி, கயிறு நன்றாகச் சாய்ந்த பிறகு அதே அளவு ஆட்டுங்கள். கோடு ஆணியை நோக்கி வளைந்து உள்ளே ஓடும். வண்டியை உயர்த்தும்போது நடப்பது இதுதான். ஆணி மேலே போய்விட்டது, கயிறு அதே நீளம்.

எண்களில் பார்ப்போம். முதலில் ஆர்மின் ஆக்ஸில் முனை, சேஸிஸ் முனையைவிட 5 செ.மீ. கீழே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 7 பாகை. வண்டியை 10 செ.மீ. உயர்த்தினால் அந்த வித்தியாசம் 15 செ.மீ. ஆகும். 40 செ.மீ. ஆர்மின் சாய்வு 22 பாகைக்குப் போய்விடும். முன் ஆக்ஸிலும் சும்மா நிற்கும்போதே 2.6 செ.மீ. பின்னால் தள்ளி நிற்கும். டயர் சக்கர வளைவின் நடுவில் இல்லாமல் பின்பக்கம் ஒட்டி நிற்பது இதனால்தான்.

இனி அந்த இடத்திலிருந்து சக்கரம் 10 செ.மீ. மேலேயும் 10 செ.மீ. கீழேயும் ஆடட்டும். 40 செ.மீ. ஆர்மில் ஆக்ஸில் முன்னும் பின்னுமாக 8.5 செ.மீ. ஓடும். அதே இடத்தில் 85 செ.மீ. ஆர்ம் இருந்தால் ஓட்டம் 3.6 செ.மீ. தான், நிற்கும்போது சாய்வும் 10 பாகை தான். கயிற்றை 85 செ.மீ.க்கு நீட்டிச் சுவரிலேயே வரைந்து பாருங்கள். இரண்டு வளைவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கணக்கே தேவைப்படாது.

இடி எங்கிருந்து வருகிறது என்பதும் இதே படத்தில் இருக்கிறது. முன் சக்கரம் கல்லில் மோதும்போது கல் அதைப் பின்னால் தள்ளுகிறது. சக்கரம் கல்லைத் தாண்ட வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். ஆர்ம் சாய்ந்திருந்தால் மேலே போகும் பாதை முன்னோக்கி வளைகிறது. அதாவது கல் ஒரு பக்கம் தள்ள, ஆர்ம் சக்கரத்தை எதிர்ப்பக்கம் போகச் சொல்கிறது. எல்லா ஆர்மும் ஒரே சாய்வில் இருப்பதாகக் கொண்டால், 22 பாகையில் ஒவ்வொரு 100 கிலோ பின்தள்ளலும் ஏறக்குறைய 40 கிலோ விசையாக உடலை நேரே மேலே குத்தும். 10 பாகையில் அது 18 கிலோ. ஸ்பிரிங்கை எவ்வளவு மென்மையாக்கினாலும் அந்த 40 கிலோ குறையாது, ஏனென்றால் அது ஸ்பிரிங் வழியாக வரவே இல்லை.

எவ்வளவு உயர்த்தினால் இது தேவை?

என் கருத்தில், 3 அங்குலம் வரை உயர்த்தியவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 4 அங்குலத்தைத் தாண்டும்போது யோசிக்கலாம். 5, 6 என்று போனால் குட்டை ஆர்மோடு ஓட்டுவது வண்டிக்கும் முதுகுக்கும் நல்லதல்ல.

இடையில் ஒரு மலிவான வழி உண்டு. ஆர்மை மாற்றாமல், சேஸிஸ் பக்கப் பிராக்கெட்டைக் கீழே இறக்கும் துணைப் பிராக்கெட்டுகள். சாய்வு பழைய நிலைக்கு வந்துவிடும், சாலையில் ஓட்டம் உடனே மென்மையாகும். ஆனால் வண்டியின் அடியில் இரண்டு இரும்பு நாக்குகள் தொங்கும். பாறையில் முதலில் இடிபடுவது அவைதான். சாலையிலேயே அதிகம் ஓடும் வண்டிக்கு இது தாராளமாகப் போதும்.

லாங் ஆர்முக்கும் இதே குறை வேறு வடிவில் உண்டு. சேஸிஸ் முனை வண்டியின் நடு வயிற்றுக்கு நகர்கிறது. நீளமான குழாய் சக்கரத்திலிருந்து வயிறு வரை கீழே ஓடுகிறது. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது அந்தக் குழாய்தான் கல்லில் அமரும். அதனால் சேஸிஸ் பக்கப் பிராக்கெட்டை எவ்வளவு மேலே ஒளித்து வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. சாய்வு கூடாமலும் இருக்க வேண்டும், பிராக்கெட் தொங்காமலும் இருக்க வேண்டும். வடிவமைப்பவரின் நேரமெல்லாம் இந்த இழுபறியில்தான் போகிறது.

எத்தனை ஆர்ம், எப்படி?

முன்பக்கத்துக்கு அதிகம் பயன்படுவது மூன்று இணைப்பு: கீழே இரண்டு நீள ஆர்ம், மேலே ஒன்று. கூடவே, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க, சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்குக் குறுக்கே ஓடும் டிராக் பார் என்ற கம்பி. மேலே ஒன்றே போதுமா என்று கேட்பார்கள். போதும். ஆக்ஸில் தன் குழாயைச் சுற்றி உருளாமல் தடுக்க ஒன்று போதுமானது. என்ஜினும் சைலன்சர் குழாயும் நிற்கும் இடத்தில் இரண்டாவதுக்கு இடம் கிடைப்பதே அரிது.

டிராக் பாரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பியும் டிராக் பாரும் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வளைவில் ஆடினால் சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் அசையாது. ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு மற்றதை மறந்தால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். வண்டியை உயர்த்தியவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் வேகமாகப் போகும்போதுதான் அது தெரியவரும்.

பின்பக்கத்தில் ஸ்டியரிங் இல்லை. அங்கே நான்கு இணைப்பை முக்கோணமாக அமைக்கலாம். மேல் ஆர்ம்கள் இரண்டும் ஆக்ஸிலின் நடுவை நோக்கிக் குவியும், கீழ் ஆர்ம்கள் அதற்கு எதிராக விரியும். மேலிருந்து பார்க்கும்போது இந்தக் குவிவும் விரிவும் சேர்ந்து 40 பாகையாவது இருந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராது, டிராக் பார் வேண்டாம். முன்பக்கத்தில் இதைச் செய்ய முடியாமல் போவதற்கு என்ஜினின் ஆயில் சம்ப் ஒரு காரணம், டிராக் லிங்க் இன்னொரு காரணம்.

மூன்றாவது வகை ரேடியஸ் ஆர்ம். பக்கத்துக்கு ஒரே ஆர்ம். அது ஆக்ஸிலில் இரண்டு இடத்திலும் சேஸிஸில் ஓர் இடத்திலும் பிடிக்கும். 1970-இன் ரேஞ்ச் ரோவரும் லேண்ட் குரூஸர் 80 வரிசையும் முன்னால் இப்படித்தான். எளிமையானது, உழைக்கக்கூடியது. ஆனால் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது இரண்டு ஆர்மும் ஆக்ஸில் குழாயை எதிரெதிராக முறுக்கும். புஷ் எவ்வளவு வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவுதான் ஆட்டம். பாறையில் அதிக ஆட்டம் வேண்டுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விசை எங்கே போகிறது

இனி, பலரும் தாவிச் செல்லும் பகுதி. மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஆக்ஸிலில் எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன?

டயரின் ஆரம் 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் ஆர்ம் ஆக்ஸில் மையத்துக்கு 15 செ.மீ. மேலே, கீழ் ஆர்ம் 8 செ.மீ. கீழே. இடைவெளி 23 செ.மீ. டயர் தரையைப் பற்றித் தள்ளும் விசையை 1 என்று வைத்தால், கீழ் ஆர்மில் 2.5 மடங்கு, மேல் ஆர்மில் எதிர்த்திசையில் 1.5 மடங்கு விசை வரும். கழித்தால் அந்த 1 கிடைத்துவிடும். கடப்பாறையால் கல்லை நெம்புவதுபோலத்தான்: டயர் நீளப் பக்கம், ஆர்ம் இடைவெளி குட்டைப் பக்கம். இடைவெளியைக் குறைத்தால் ஆர்ம் மேல் விழும் விசை கூடும். பிராக்கெட் கிழிவதும் போல்ட் துளை முட்டை வடிவம் ஆவதும் இதனால்தான். பெரிய டயர் மாட்டும்போதும் அதே கதை. டயர் விட்டத்தில் கால் பங்கு இடைவெளி என்பது கட்டுபவர்களிடையே புழங்கும் கணக்கு. 35 அங்குல டயருக்கு 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கீழ் ஆர்ம் ஏன் தடிமனாக இருக்கிறது என்பதும் இப்போது புரியும். கூடுதல் விசையும் அதற்குத்தான், கல்லில் அடிவாங்குவதும் அதுதான். கீழே 2 அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவரும் உள்ள தையல் தெரியாத உயர்தர எஃகுக் குழாய் வழக்கம். மேலே கொஞ்சம் மெல்லியது போதும். தண்ணீர்க் குழாயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பின் ஆர்ம்களில் இன்னொன்று பார்க்க வேண்டும். முடுக்கும்போது ஆக்ஸில் முன்னோக்கித் தள்ளும். ஆர்ம் அதிகமாகச் சாய்ந்திருந்தால் அந்தத் தள்ளல் வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கும். ஏற்றத்தில் டயர் பிடிப்பதும் விடுவதுமாகத் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டுப் படத்தில் மேல், கீழ் ஆர்ம்களின் கோடுகளை நீட்டி அவை சந்திக்கும் புள்ளியைக் குறியுங்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அது எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று பாருங்கள். வண்டியின் ஈர்ப்பு மையமும் அதே உயரம் என்றால் 100 சதவீதம். இதை ஆன்டி-ஸ்குவாட் என்பார்கள். 100-ஐ வெகுவாகத் தாண்டினால் துள்ளல் வரும். 100-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ வைப்பது தொடங்குபவருக்குப் பாதுகாப்பானது.

முனைகள்

ரப்பர் புஷ் சத்தம் போடாது, அதிர்வை விழுங்கும், ஆனால் கொஞ்சம்தான் முறுகும். உருண்டை ஜாயின்ட் எந்தப் பக்கமும் ஆடும். மூடாமல் விட்ட உருண்டையில் மணல் புகுந்து சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். உருண்டையைக் கூட்டுக்குள் வைத்து கிரீஸ் அடிக்கும்படி, பிரித்துச் சீராக்கும்படி செய்த ஜாயின்ட்டுகள் உண்டு. ஒரு முனையில் புஷ், மறு முனையில் அப்படிப்பட்ட ஜாயின்ட் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆர்ம் வளைந்த வடிவில் இருந்தால் இது கட்டாயம். இரண்டு முனையிலும் உருண்டை இருந்தால் வளைந்த ஆர்ம் தன்னைத்தானே சுற்றிக் கவிழ்ந்துவிடும்.

ஒரு முனையிலாவது மரை வைத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழி வையுங்கள். அளவு எடுத்து வெட்டியது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கடைசியில் ஓரிரு மில்லிமீட்டர் திருத்தம் வரும்.

போல்ட்டின் இரண்டு பக்கமும் தகடு இருக்க வேண்டும். ஒற்றைத் தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் வளைந்து முறியும். தகடு உட்காரும் இடத்தில் போல்ட்டின் வழவழப்பான பகுதி வர வேண்டும், மரை வரக் கூடாது.

வெல்டிங்குக்கு முன்

வண்டியை மட்டமான தரையில் ஸ்டாண்டுகளில், கடைசியில் நிற்கப்போகும் உயரத்தில் நிறுத்துங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஆக்ஸிலை ஜாக்கியில் தாங்குங்கள். சேஸிஸின் இரு பக்கமும் ஒரே துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் குறித்து, ஆக்ஸில் நேராக நிற்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

பிறகு காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் அளவு. ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். 5 முதல் 7 பாகை வரை இருந்தால் நல்லது. ஆனால் ஆக்ஸிலை அதற்காகச் சுழற்றும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் பினியன் கீழே சாயும், ஷாஃப்ட் கிராஸ் அதிரும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திருப்திப்படுத்த முடியாது. முன்பக்கம் என்றால் நான் காஸ்டருக்கே முன்னுரிமை தருவேன். ஷாஃப்ட் அதிர்ந்தால் சத்தம் வரும். காஸ்டர் குறைந்தால் வண்டி அலையும். மேல் ஆர்ம், கீழ் ஆர்மில் முக்கால் பங்கு நீளமாவது இருந்தால் ஆட்டத்தின்போது பினியன் கோணம் அதிகம் மாறாது.

எல்லாம் சரியான பிறகும் முழு வெல்டிங் வைக்காதீர்கள். பிராக்கெட்டுகளுக்குப் பொட்டு (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். டயரை மாட்டி, ஆக்ஸிலை ஜாக்கியால் உச்சிவரை ஏற்றுங்கள், அடிவரை இறக்குங்கள். ஒரு பக்கம் ஏற்றி மறு பக்கம் இறக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள். நான் முதலில் கட்டிய வண்டியில் நேராக ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வெல்டிங் வைத்துவிட்டேன். முதல் ஓட்டத்தில் இடது சக்கரம் ஏறி வலது சக்கரம் தொங்கியபோது டிராக் பார் டிஃபரென்ஷியல் மூடியில் போய் இடித்தது. இரண்டுக்கும் நடுவே அரை விரல் இடம் போதாமல் போயிற்று. பிராக்கெட்டை அறுத்து எடுத்து, தேய்த்து, மறுபடி வைக்க இரண்டு நாள் ஆனது. பொட்டு நிலையில் அது ஐந்து நிமிட வேலை.

இந்த ஆட்டத்தில்தான் ஆக்ஸில் மேலே ஏறும் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் உயரமும் தெரியும், தொங்கும் எல்லையைக் கட்டும் பட்டையின் நீளமும் தெரியும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாஃப்ட் கழன்று வருமா, ஷாக் அப்சார்பர் அடித்தட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கும் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள். கால் அங்குலப் பிராக்கெட்டை மெல்லிய சேஸிஸில் நேராக ஒட்டாமல், நடுவில் அகலமான தகடு வைத்து விசையைப் பரப்புங்கள். சேஸிஸுக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் ஓட்டினால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். தகட்டின் முனைகளை வளைவாகவோ சாய்வாகவோ வெட்டுங்கள். எக்ஸ்ஜே போலத் தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிக்கு நீளவாக்கில் பலப்படுத்தும் தகடுகள் வைத்த பிறகே பிராக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆக்ஸில் குழாயில் வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து ஆறவிடுங்கள். ஒரே மூச்சில் சுற்றிவந்தால் சூட்டில் குழாய் வளையும். உங்கள் வெல்டிங்கில் உங்களுக்கே முழு நம்பிக்கை இல்லையென்றால், பொட்டு வரை நீங்கள் செய்து, இறுதி வெல்டிங்கைத் தேர்ந்த கைக்குக் கொடுங்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒப்பான பாகம் இது.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியவுடனே புஷ் முறுகிய நிலையிலேயே உட்காரும், சீக்கிரம் கிழியும். எல்லாப் போல்ட்டும் இறுக்கி முடித்த பிறகு, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மரை முனைகளின் பூட்டு நட்டுக்கும் அப்படியே. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்து தள்ளி நின்றால், அந்தப் போல்ட் நகர்ந்திருக்கிறது.